பனிக்காகப் பேசும் புல்லி

நிமிடத்துக்கு 8000 சுற்று என்பது என் நினைவில் எண்ணாக இல்லை, ஓசையாகத்தான் இருக்கிறது. இடுப்பளவு புதுப்பனி கிடக்கும் சரிவில், 850 சிசி இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் முழு த்ராட்டிலில் ஏறுகிறது. சரிவு செங்குத்தாகிறது, பனி இளகுகிறது, வண்டியின் வேகம் கூடுகிறது, குறைகிறது. ஓசை மட்டும் ஒரே சுருதியில் அசையாமல் நிற்கிறது. கீழே நிற்பவர் வண்டியைப் பார்க்கவே வேண்டாம், கிளட்ச் சரியாக அமைந்துவிட்டது என்று காது சொல்லிவிடும். ரெவல்ஸ்டோக்கில் நான் வேலை செய்த ஸ்னோமொபைல் பட்டறையில் கிடைத்த முதல் பாடமே அதுதான்: டேக்கோமீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் காதைப் பழக்கு.

ரெவல்ஸ்டோக், பிரிட்டிஷ் கொலம்பியாவில், கொலம்பியா ஆற்றங்கரையில், செல்கர்க் மலைகளுக்கும் மொனாஷி மலைகளுக்கும் நடுவில் இருக்கும் சிறிய ஊர். ரயில்பாதை வளர்த்த ஊர். பக்கத்திலுள்ள கோப்லண்ட் மலையில் 1971–72 குளிர்காலத்தில் 24 மீட்டருக்கு மேல் பனி பெய்தது. ஒரு பருவத்தில் கனடாவில் பதிவான மிகப்பெரிய பனிப்பொழிவு அது. ஆண்டு முடியப்போகும் நேரத்தில் ஆல்பர்ட்டாவிலிருந்து டிரக்குகள் வரத் தொடங்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு மூன்று பனிவண்டிகள். ஓட்டி வருகிறவர்கள் பட்டறைக் கதவைத் திறந்ததும் பேசுவது குதிரைத்திறனைப் பற்றித்தான். எங்கள் முதலாளி அதைப் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொல்வார். உள்ளே இருக்கும் இரண்டு புல்லிகளைத்தான் அவர் பார்க்க விரும்புவார்.

ஒரு குறிப்பிட்ட சுற்றில் எஞ்சினை நிறுத்திவைக்க வேண்டியது ஏன் என்பதை அவர் ஒரு பழைய புகைக்குழாயைக் கையில் எடுத்துக் காட்டினார். டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் குழாய் நடுவில் வீங்கி, முனையில் ஒடுங்கியிருக்கும். வெளியேறும் அழுத்த அலை அந்த ஒடுங்கிய முனையில் மோதித் திரும்பி வந்து, புகையோடு தப்பிப்போகப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அலை போய்த் திரும்பும் நேரமும் சிலிண்டரின் துளை மூடும் நேரமும் பொருந்துவது மிகக் குறுகிய சுற்று எல்லைக்குள்தான். அந்த எல்லைக்கு ஐந்நூறு சுற்று கீழே விழுந்தால் எஞ்சின் திணறும். மேலே போனால் சத்தம் மிஞ்சும், இழுவை போய்விடும். சரிவு எப்படி மாறினாலும் எஞ்சினை அந்த இடத்தை விட்டு நகரவிடாமல் வைத்திருப்பதுதான் கிளட்சின் வேலை.

இந்த வண்டிகளில் மாற்றுவதற்குக் கியர் கிடையாது. கிராங்க் ஷாஃப்டின் முனையில் ஒரு புல்லி, ட்ராக்குக்கு விசை போகும் தண்டில் இன்னொரு புல்லி, இரண்டையும் சுற்றிய அகலமான ரப்பர் பெல்ட். இவை சேர்ந்ததைத்தான் நாங்கள் கிளட்ச் என்போம். முன்புல்லிக்குள் கைபோல் மடங்கிய வெயிட்கள், பெரும்பாலும் மூன்று, ஒவ்வொன்றும் அறுபது எழுபது கிராம். சுற்று ஏற ஏற அவை மையவிலக்கு விசையில் வெளியே விரிந்து புல்லியின் இரு தட்டுகளையும் நெருக்குகின்றன. நடுவிலிருக்கும் ஸ்பிரிங் அதை எதிர்க்கிறது. வெயிட் வென்றால் பெல்ட் முன்புல்லியில் மேலேறும், பின்புல்லியில் உள்ளே இறங்கும், வண்டி உயர் விகிதத்துக்கு மாறும். ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு தாமதமாக வண்டி பனியைப் பிடிக்கும். மலை வண்டிகள் 3500, 4000 சுற்றுக்கு மேல்தான் பிடிக்கத் தொடங்கும். அதற்குக் கீழே பிடித்தால், மிதந்து கிளம்ப வேண்டிய ட்ராக் இளகிய பனியில் குழி தோண்டிக்கொண்டு புதைந்துவிடும்.

இதையெல்லாம் முதன்முறை பிரித்துப் பார்த்தபோது என் கைக்கு அது புதிதாக இல்லை. கைனெடிக் ஹோண்டா இந்தியச் சாலைகளுக்கு வந்தது 1984இல். கிளட்ச் லிவரும் கியரும் இல்லாத அந்த ஸ்கூட்டரை மதுரையில் பழுது பார்க்கத் தெரிந்த பட்டறைகள் அப்போது குறைவு. அப்படி ஒன்றில்தான் நான் வேலை பழகினேன். அந்த ஸ்கூட்டருக்குள்ளும் இதே இரண்டு புல்லி, இதே பெல்ட்; கைபோன்ற வெயிட்களின் இடத்தில் உருளும் சிறிய ரோலர்கள். ரோலர் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டால் வண்டி மேம்பாலத்தில் முக்கும். “டேய், பெல்ட்டக் கழட்டுனா மொதல்ல மோந்து பாரு” என்பார் பட்டறை அண்ணன். “சரிண்ணே” என்று மூக்கருகே கொண்டுபோனால் கருகிய ரப்பர் வாடை. பெல்ட் எங்கோ வழுக்கியிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இல் வேரியோமேட்டிக் என்ற பெயரில் இந்த ஏற்பாட்டைக் காரில் வைத்தது. ஹுப் ஃபான் டோர்ன் அதை வடிவமைத்தார். அந்தக் கார்கள் பின்னோக்கியும் முன்னோக்கிப் போகும் அதே வேகத்தில் ஓடக்கூடியவை, ஏனென்றால் புல்லிகளுக்குத் திசை ஒரு பொருட்டல்ல. ஓர் எளிய எண்ணம் காருக்குள்ளும் ஸ்கூட்டருக்குள்ளும் பனிவண்டிக்குள்ளும் ஒரே உருவில் புகுந்து, மதுரையின் மேம்பாலத்தையும் செல்கர்க் மலையையும் என் கைகளில் ஒன்றாகச் சேர்த்து வைத்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் பெரும் நன்றி எழுகிறது.

ஆனால் மதுரையில் நான் கற்றது பெரும்பாலும் முன்புல்லிதான். பின்புல்லியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ரெவல்ஸ்டோக் முதலாளி. “முன்னாலிருப்பது எஞ்சினுக்காகப் பேசுகிறது, பின்னாலிருப்பது பனிக்காகப் பேசுகிறது, எல்லோரும் முன்னால் இருப்பதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்” என்பார். பின்புல்லியின் நகரும் தட்டு, ஹீலிக்ஸ் எனப்படும் சாய்வுப் பாதையில் முறுக்கிக்கொண்டு நகர்கிறது. ட்ராக் கனத்த பனியில் சிக்கினால் அந்தச் சுமை தண்டின் வழியே வந்து தட்டைச் சாய்வில் தள்ளும். தட்டு நெருங்கும், பெல்ட்டைக் கவ்விப் பிடித்து, முன்புல்லியிலிருந்து தன் பக்கம் இழுக்கும். ஓட்டுகிறவர் எதுவும் செய்யாமலே வண்டி தாழ்ந்த விகிதத்துக்குத் திரும்பிவிடும். ஹீலிக்ஸின் கோணம் அதிகமானால் விகிதம் விரைவாக உயரும், திரும்பி வர மனமிருக்காது. கோணம் குறைந்தால் பெல்ட்டை விடாமல் பிடிக்கும், உடனே திரும்பி வரும். மரங்களுக்கிடையே நுழைந்து நுழைந்து ஏறுகிறவருக்கு இந்தத் திரும்பி வருதல்தான் உயிர். த்ராட்டிலை விட்டு, வளைந்து, மறுபடி அழுத்தும் அந்தக் கணத்தில் வண்டி தயாராக இருக்க வேண்டும்.

பனியில் எதுவும் தயாராக இல்லாத காலம் ஒன்று இருந்தது. கியூபெக்கின் வால்கூர் கிராமத்தில் 1934 குளிர்காலத்தில், ஜோசஃப் அர்மான் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன் ஈவோன் குடல்வால் நோயால் இறந்தான். பனி மூடிய பாதையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. சிறுவயதிலிருந்தே பனியில் ஓடும் வண்டி செய்ய முயன்றுகொண்டிருந்த மனிதர் அவர். மகன் போன பிறகு அந்த வேலையை விடவில்லை. பற்சக்கரமும் ட்ராக்கும் கொண்ட ஏற்பாட்டுக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் அமரும் பி7 வண்டி வந்தது. 1959இல் ஸ்கி-டூ பனிவண்டி வந்தது. அதற்கு முன்பே, 1956இல், மினசோட்டாவின் ரோசோ ஊரில் போலாரிஸின் முதல் பனிவண்டி உருவாகியிருந்தது. அங்கிருந்து வெளியேறிய எட்கர் ஹெட்டீன் பின்னர் ஆர்க்டிக் கேட்டைத் தொடங்கினார். இன்று மலையில் விளையாட்டாக ஏறும் ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால், மருத்துவரிடம் போய்ச்சேர முடியாத ஒரு குழந்தை இருக்கிறது என்று முதலாளி ஒருமுறை சொன்னார். அவர் ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டே சொன்னதால் நான் பதில் பேசவில்லை. அன்றிலிருந்து எந்த வண்டியையும் அரைகுறையாக மூடி அனுப்ப எனக்கு மனம் வந்ததில்லை.

மலை, எஞ்சினிடமிருந்து முதலில் பறிப்பது காற்றை. ரெவல்ஸ்டோக் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 480 மீட்டர் உயரம். அங்கே நன்றாக இழுக்கும் வண்டி 2400 மீட்டருக்கு ஏறும்போது கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் கால்பங்கை இழந்து நிற்கும். சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு அழுத்தம் அங்கே 11 பவுண்டுதான். கடல் மட்டத்தில் 165 குதிரைத்திறன் தரும் எஞ்சின், அந்த உயரத்தில் நாற்பது குதிரைத்திறனை இழந்துவிடும். சக்தி குறைந்தால் அதே வெயிட் எஞ்சினுக்குப் பாரமாகிவிடும், சுற்று விழும். அதனால்தான் உயரத்துக்குத் தகுந்தபடி வெயிட்டைக் குறைத்துக்கொண்டே போகும் அட்டவணைகள் எல்லா வண்டிக்கும் உண்டு. பட்டறைக் கணக்கில் ஒவ்வொரு வெயிட்டிலும் ஒரு கிராம் கூட்டினால் ஏறக்குறைய நூறு சுற்று குறையும், எடுத்தால் நூறு சுற்று ஏறும். எந்த ஊர் மலை, எவ்வளவு உயரம் என்று கேட்காமல் கிராம் பேசக்கூடாது.

டர்போ அந்தக் கணக்கைக் கலைத்தது. வெளியேறும் புகையே ஒரு விசிறியைச் சுழற்ற, அது இன்னொரு விசிறியைச் சுழற்றி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. 2400 மீட்டரில் நாலு பவுண்டுக்குச் சற்றுக் குறைவான பூஸ்ட் கொடுத்தால் எஞ்சின் தான் கடற்கரையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளும். எட்டு பவுண்டு கொடுத்தால் கடல் மட்டத்தைவிட முப்பது விழுக்காட்டுக்கு அருகில் கூடுதலான அழுத்தம். தொழிற்சாலை டர்போக்கள் வருவதற்கு முன்னால், தனியாக வாங்கிப் பொருத்திய டர்போவோடு வண்டிகள் எங்களிடம் வரும். எரிபொருள் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இன்டர்கூலரும் பூஸ்ட் கேஜும் பளபளக்கும். கிளட்ச் மட்டும் பழைய படியே இருக்கும்.

அங்கேதான் எங்கள் வேலை தொடங்கும். டர்போ எஞ்சினுக்கு ஒரே சக்தி கிடையாது. த்ராட்டிலை அழுத்திய முதல் நொடியில் அது சாதாரண எஞ்சின், அதுவும் மெல்லிய காற்றில் திணறும் எஞ்சின். பூஸ்ட் வந்த பிறகு அது வேறு எஞ்சின். முழு பூஸ்டைத் தாங்கும்படி வெயிட்டைக் கூட்டி வைத்தால், பூஸ்ட் வருவதற்கு முன்பே எஞ்சின் 7000 சுற்றில் அமுங்கி நிற்கும், புகை போதாது, விசிறி சுழலாது, பூஸ்ட் வரவே வராது. குறைத்து வைத்தால் சட்டென்று கிளம்பும், பூஸ்ட் வந்ததும் 8400ஐத் தாண்டிக் கத்தும், குழாயின் அலை பொருந்தாமல் போகும், ட்ராக்கில் இழுவை இருக்காது. சுமை இல்லாமல் டர்போ விழிப்பதில்லை. சுமை மிஞ்சினால் டர்போ எழுந்திருப்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தைத் தேடித்தான் முழுக் குளிர்காலமும் கழியும்.

வெயிட்டின் எடையைவிட, எடை எங்கே இருக்கிறது என்பதில்தான் தீர்வு இருந்தது. வெயிட்டின் அடிப்பகுதி கிளம்பும்போது வேலை செய்கிறது, நுனிப்பகுதி பெல்ட் மேலேறிய பிறகு வேலை செய்கிறது. திருகுகளால் எடையை இடம் மாற்றக்கூடிய வெயிட்கள் உண்டு. அடியிலிருந்து சிறிய திருகுகளை எடுத்துவிட்டு, நுனியில் கனமான டங்ஸ்டன் திருகைப் போடுவோம். அடி லேசாக இருப்பதால் எஞ்சின் தடையின்றிச் சுற்றேறிப் பூஸ்டை எழுப்பும். பூஸ்ட் வரும் நேரத்தில் நுனியின் கனம் வந்து சுற்றைப் பிடித்து நிறுத்தும். அதற்கேற்ப முன் ஸ்பிரிங்கின் இறுதி இறுக்கத்தையும், பின்புல்லியின் ஹீலிக்ஸையும் ஸ்பிரிங்கையும் பார்ப்போம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாற்றலாம் என்பது அந்தப் பட்டறையின் சட்டம். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு வண்டி நன்றாக ஓடினாலும் அதில் கற்றது எதுவும் இல்லை.

ஊருக்குப் பக்கத்திலுள்ள போல்டர் மலைக்கு நாங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போவது அதிகாலையில். பட்டறையில் பார்க்கும் சுமையும் மலையில் கிடைக்கும் சுமையும் ஒன்றல்ல. இழுக்கும் வண்டியை இழுத்துத்தான் பார்க்க வேண்டும். முதலாளி முன்புல்லியின் தட்டில் விளிம்பிலிருந்து மையம் நோக்கிக் கறுப்பு மார்க்கரால் கோடு போடுவார். ஒரே சரிவில், ஒரே ஆள், முழு த்ராட்டிலில் ஏறி இறங்க வேண்டும். திரும்பி வந்ததும் மூடியைத் திறந்தால், பெல்ட் எவ்வளவு தூரம் மேலேறியதோ அதுவரை கோடு அழிந்திருக்கும். அழியாமல் மீந்த கோட்டின் நீளம் வண்டி இன்னும் எட்டாத விகிதம். பிறகு இரண்டு புல்லிகளின் மேலும் கை வைத்துப் பார்ப்பார். எங்கே சூடு அதிகமோ அங்கே பெல்ட் வழுக்குகிறது. மதுரையில் மூக்கு செய்த வேலையை இங்கே உள்ளங்கை செய்தது. பின்புல்லி கொதித்தால் ஸ்பிரிங் தளர்வு, அல்லது ஹீலிக்ஸ் பெல்ட்டைக் கவ்வவில்லை. வெறும் வெயிட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தச் சூடு ஒருநாள் பெல்ட்டைத் துண்டாக்கி, மூடிக்குள் நாராக்கிவிடும்.

அந்தக் குளிரில் வெயிட்டின் திருகைக் கழற்றுவது எளிதல்ல. கையுறை போட்டால் திருகு பிடிபடாது, கழற்றினால் விரல் மரத்துவிடும். கீழே விழுந்த திருகை இடுப்பளவு பனியில் தேட முடியாது என்பதால் எப்போதும் ஒரு துணியை விரித்துக்கொண்டுதான் உட்காருவோம். நோட்டில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு வரி: உயரம், வெப்பநிலை, பனி எப்படி, பூஸ்ட் எத்தனை பவுண்டு, சுற்று எங்கே நின்றது, எந்தப் புல்லி சூடு. மைனஸ் இருபது டிகிரியில் காற்று அடர்த்தி. எஞ்சின் பலம் கூடும், சுற்று மேலே தள்ளும். மார்ச் மாதத்து ஈரப்பனியில் சுமை வேறு. அதே வண்டி, அதே வெயிட், நோட்டில் வேறு எண். முதலாளி அந்த நோட்டில் அதிகம் எழுதியது பனியைப் பற்றித்தான். அதைப் படித்தால் எஞ்சின் மெக்கானிக் எழுதியது என்று தோன்றாது.

2020ஆம் ஆண்டு மாடலாக ஸ்கி-டூ, தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்திய டூ ஸ்ட்ரோக் மலைவண்டியைக் கொண்டுவந்தது. 2438 மீட்டர் உயரம்வரை 165 குதிரைத்திறனைக் குறையாமல் தரும் என்பது அதன் வாக்குறுதி. 2022 மாடலில் 180 ஆனது. அதே ஆண்டு மாடலாக போலாரிஸும் தன் டர்போவோடு வந்தது. தொழிற்சாலையில் அமைத்த கிளட்ச் நல்ல அமைப்பு. டர்போ உயரத்தை ஈடுகட்டுவதால், உயரத்துக்கு உயரம் வெயிட் மாற்றும் தொல்லையும் பெரிதும் குறைந்தது. கிளட்ச் வேலை இனி முடிந்தது என்று அப்போது பலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உயரத்தைத்தான் டர்போ ஈடுகட்டுகிறது. ஓட்டுகிறவரின் எடை, 154 அங்குல ட்ராக்கா 165 அங்குலமா, மரங்களுக்குள்ளா திறந்த சரிவிலா, உலர்ந்த தூளா கனத்த ஈரமா என்பதையெல்லாம் எந்த டர்போவும் அறியாது. அவற்றை அறிவது பின்புல்லி.

போல்டர் மலையில் டர்போ பௌல் என்று ஓர் இடம் இருக்கிறது. 2010 மார்ச் 13 அன்று பனிவண்டிக்காரர்கள் சுமார் இருநூறு பேர் அங்கே கூடியிருந்தார்கள். மேலே சரிவு உடைந்து பனிப்பாளம் அவர்கள்மேல் இறங்கியது. இருவர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். அதற்கு நூறாண்டுகளுக்கு முன்னால், 1910 மார்ச் 4 இரவில், பக்கத்திலுள்ள ராஜர்ஸ் கணவாயில் ரயில்பாதையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தவர்கள்மேல் பனிச்சரிவு விழுந்து 58 தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் 32 பேர் ஜப்பானியர்கள். ரெவல்ஸ்டோக்கில் பனியைப் பற்றிப் பேசும்போது யாரும் குரலை உயர்த்தாததற்கு இந்த இரண்டு மார்ச் மாதங்களும் காரணம். அவலாஞ்ச் கனடா அமைப்பின் தலைமையகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. அது வெளியிடும் ஐந்து படி அபாய அளவை பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்தது. பெல்ட் அளவு அட்டவணைக்கு நேர் மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி.

டர்போ வந்த பிறகு, முன்பு எட்டாத சரிவுகள் எட்டத் தொடங்கின. எந்தச் சரிவில் ஏறக்கூடாது என்பதை முன்பு எஞ்சினின் பலவீனமே சில இடங்களில் முடிவு செய்துவிடும். இப்போது அந்த முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும். வண்டி பின்வாங்காத இடத்தில் ஓட்டுகிறவர் பின்வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். பின்புல்லிக்கு நாங்கள் கொடுத்த குணமும் அதுதான்: சுமையை உணர்ந்த நொடியில் விகிதத்தை இறக்கு. எஞ்சின் எவ்வளவு பலமாகிறதோ அவ்வளவு கூர்மையாக அந்த உணர்வு இருக்க வேண்டும். பலம் கூடிய வண்டிக்குப் பழைய ஸ்பிரிங்கும் பழைய ஹீலிக்ஸும் போதாது என்பதற்கு இயந்திரக் காரணம் இருக்கிறது. பலம் கூடிய மனிதருக்குப் பழைய பனியறிவு போதாது என்பதற்கு டர்போ பௌல் இருக்கிறது.

இப்போது இளைஞர்கள் என்னிடம் வந்து எத்தனை கிராம் போடலாம் என்று கேட்கிறார்கள். நான் எந்த மலை, எவ்வளவு உயரம், என்ன ட்ராக் என்று கேட்கிறேன். கூட யார் வருகிறார்கள், எல்லோரிடமும் பனியில் புதைந்தவரைத் தேடி எடுக்க டிரான்ஸ்ஸீவரும் மண்வாரியும் ப்ரோபும் இருக்கின்றனவா, பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறீர்களா என்றும் கேட்கிறேன். சிலருக்கு அது கிளட்சுக்குச் சம்பந்தமில்லாத கேள்வியாகப் படுகிறது. எனக்கு இரண்டும் ஒரே கேள்வி. சக்தியை உண்டாக்க இன்று தொழிற்சாலைகளுக்குத் தெரியும், பணம் இருந்தால் யாரும் வாங்கிக்கொள்ளலாம். மலை தரும் எதிர்ப்பைக் கேட்டு, அதற்கேற்ப அந்தச் சக்தி தன்னைத் தாழ்த்திக்கொள்ளும்படி அமைப்பதற்குத்தான் ஆள் வேண்டும், நேரம் வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றும் பொறுமை வேண்டும். அதனால் யார் வண்டி கொண்டுவந்தாலும் நான் முதலில் பின்புல்லியைத்தான் கழற்றுகிறேன். எனக்கு அந்த வேலையைக் கற்பித்தவர் சொன்ன வரிசை அது. மலையில் அதைவிடச் சரியான வரிசை ஒன்றை நான் இதுவரை காணவில்லை.